ஒப்பிக்கத் தெரிந்தது, படிக்கத் தெரியவில்லை: வீட்டிலேயே எழுத்தும் ஓசையும் பழக்க ஒரு வழிகாட்டி

என் மகள் ஐந்து வயதில் ‘அ’ முதல் ‘ஃ’ வரையும் ‘க்’ முதல் ‘ன்’ வரையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பாள். விருந்தாளி யாராவது வந்தால் கூடத்தின் நடுவில் நிறுத்தி ஒப்பிக்க வைப்போம். எங்களுக்குப் பெருமை பிடிபடாது. ஒருநாள் கும்பகோணத்தில் ஒரு கடைப் பலகையைக் காட்டி, “இது என்ன கண்ணு?” என்று கேட்டேன். இரண்டே எழுத்து. பால்.

“பாவன்னா, இல்” என்றாள்.

“சேர்த்துச் சொல்லு.”

“பாவன்னாயில்.”

கடைக்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1,800 ரூபாய் கொடுத்து வாங்கிய பேசும் எழுத்துப் பலகை, மூன்று மாத டியூஷன், சுவர் முழுக்க ஒட்டிய அட்டைகள் எல்லாம் கண்முன் வந்து போயின. அதன்பிறகு பத்து மாதம் தட்டுத் தடுமாறித்தான் எது வேலை செய்கிறது, எது செய்யாது என்பது பிடிபட்டது. குடவாசல் பக்கம் கிராமத்தில் இருக்கிறோம். ஆகவே உதாரணங்கள் எல்லாம் எங்கள் வயலும் வாய்க்காலுமாகவே இருக்கும். உங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். மூன்றரை வயது முதல் ஏழு வயது வரை உள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

1. தொடங்கும் முன்: எதை வாங்குவது, எதை விடுவது

வாங்கியவை: ஒரு சிலேட்டு, ஒரு பெட்டி சாக்பீஸ், 80 பக்க நோட்டு ஒன்று. எனக்கு 150 ரூபாய்க்குள் முடிந்தது. மற்றவை வீட்டில் இருந்தவை: முறம், இரண்டு பிடி அரிசி, கோலமாவு, புளியங்கொட்டை, சோடா மூடிகள், பழைய கல்யாணப் பத்திரிகைகள். பத்திரிகை அட்டையின் வெற்றுப் பக்கத்தை நான்காக வெட்டினால் எழுத்து அட்டை தயார். தை, மாசி முகூர்த்தம் முடிந்ததும் எங்கள் தெருவில் கேட்டு வாங்கினேன். நூறு அட்டைக்கு மேல் தேறியது.

பேசும் பலகை வேண்டாம். நான் வாங்கியதில் ‘ழ’வை அழுத்தினால் ‘ள’ என்றது. பிள்ளை அதைத்தான் நம்புவாள், நம்மை நம்பமாட்டாள்.

இரண்டு எச்சரிக்கை. புளியங்கொட்டையை மூக்கில், காதில் போட்டுக்கொள்ளும் வயது இது. வீட்டில் சின்னக் குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தால் கொட்டை விளையாட்டையே தள்ளிவையுங்கள். சிலேட்டுக்குச்சியைப் பிள்ளை விடாமல் தின்றால் அதட்டி நிறுத்தப் பார்க்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். இரும்புச்சத்துக் குறைவால் இப்படி வருவதுண்டு.

கையில் இருக்க வேண்டிய புத்தகம் ஒன்றே ஒன்று: முதல் வகுப்புத் தமிழ்ப் பாடநூல். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகவே கிடைக்கிறது. மற்றவர்கள் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் நடக்கிறது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருக்கிறார்கள். உங்கள் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறாள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். “நல்லாப் படிக்கிறாளா?” என்று கேட்டால் “நல்லாப் படிக்கிறாள்” என்றுதான் பதில் வரும், நிலையைக் கேட்டால்தான் விவரம் வரும்.

இன்னொன்றும் செய்யுங்கள்: காதைப் பார்த்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் என் மகளுக்குச் சளி பிடித்துக் காது அடைத்திருந்தது. அது தெரியாமல், “சொல்வதைக் கேட்கமாட்டேன் என்கிறாள்” என்று இரண்டு மாதம் திட்டிக்கொண்டிருந்தேன். கேட்காதவள் எப்படிச் சொல்வாள்?

2. முதல் மூன்று வாரம்: எழுத்தே வேண்டாம்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறோம். நானும் குதித்தேன். காதில் தனித்தனியாக விழாத ஓசைக்கு எழுத்தைக் காட்டினால் பிள்ளை அதைப் படமாகத்தான் பார்ப்பாள். ஆகவே சிலேட்டைப் பரணில் போட்டுவிட்டு வாயாலும் காதாலும் மட்டும் விளையாடுங்கள். பாத்திரம் துலக்கும்போதும் வண்டியில் போகும்போதும் இதைச் செய்யலாம். தனி நேரம் தேவையில்லை.

கூடை விளையாட்டு. “என் கூடையில் கத்தரிக்காய் இருக்கிறது” என்று தொடங்குங்கள். அடுத்தவர் ‘க’ ஓசையில் தொடங்கும் பொருளைச் சொல்ல வேண்டும்: கடலை, கருப்பட்டி, கம்பளி. “கழுதை” என்று சொன்னால் கழுதையையும் கூடையில் போட்டுக்கொள்ளுங்கள். அர்த்தத்தைப் பார்த்து மறுத்தால் விளையாட்டு செத்துவிடும்.

தலைவெட்டி விளையாட்டு. சொல்லின் முதல் ஓசையை வெட்ட வேண்டும். ‘கடலை’யில் ‘க’ போனால் என்ன மிச்சம்? ‘டலை’. ‘பால்’ என்பதன் தலையை வெட்டி வேறு தலை வைத்தால்? கால், வால், நால், சால். அர்த்தமே இல்லாமல் ‘ஞால்’, ‘டால்’ என்றும் வரும். வரட்டும்.

துண்டு இழுக்கிற விளையாட்டுதான் எங்கள் வீட்டில் பெரிய வெற்றி. ஒரு துண்டின் இரு முனையையும் நானும் மகளும் பிடித்துக்கொள்வோம். குறில் வந்தால் துண்டு தளர்வாகத் தொங்க வேண்டும், நெடில் வந்தால் விறைப்பாக இழுக்க வேண்டும். பல், பால். கல், கால். படம், பாடம். கொடு, கோடு. விடு, வீடு. முடி, மூடி. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று இலக்கணத்தில் படித்தோமே, அது பிள்ளையின் தோளில் ஏறிவிடுகிறது. அறுவடை சமயத்தில் அவள் அப்பா, “இன்னும் நாற்பது மூட்டை வர வேண்டும்” என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் துண்டை எடுத்து வந்து, “முட்டை இல்லை, மூஊஊட்டை” என்று இழுத்துக் காட்டினாள். போனின் மறுமுனையில் இருந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை.

3. ‘இம்’ என்னும் வியாதி

மெய்யெழுத்தை நாம் ‘இக், இங், இச்’ என்று சொல்லிக்கொடுக்கிறோம். பெயர் சொல்ல அது சரி. படிக்கும்போது அதுவே காலை வாரிவிடும். ‘அம்மா’வை ‘அ, இம், மா’ என்று கூட்டும் பிள்ளைக்கு நடுவில் ஓர் ‘இ’ எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துவிடுகிறது. ‘படம்’ ‘படயிம்’ ஆகிறது. ‘பாவன்னாயில்’ பிறந்ததும் இப்படித்தான்.

இழுக்கக்கூடிய மெய்களை வெறும் ஓசையாகச் சொல்லிக்கொடுங்கள். ‘ம்ம்ம்’ என்று மாடு போல. ‘ல்ல்ல்’ என்று நாக்கை மேலே ஒட்டிவைத்து. ‘ர்ர்ர்’ என்று மோட்டார் ஓடுவது போல. ‘க், ட், ப்’ போன்றவற்றைத் தனியாக இழுக்க முடியாது, ஓசை அடைபட்டு நின்றுவிடும். அவற்றை முன்னால் இருக்கும் எழுத்தோடு சேர்த்தே பழக்குங்கள்: ‘பட்’ என்று நிறுத்தி, ‘டம்’ என்று விடுங்கள். பட்டம். ‘ஆனா, ஆவன்னா’ என்று பெயர் சொல்லிப் பழக்குவதை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். எழுத்து என்ன சொல்கிறது என்பதுதான் இப்போது வேண்டும்.

4. முதல் எழுத்து ‘அ’ இல்லை

விஜயதசமி அன்று பூந்தோட்டம் பக்கத்திலுள்ள கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்குப் போய், அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதிவிட்டு வாருங்கள், தவறில்லை. நாங்களும் போனோம். கூட்டம் அதிகம், விடியற்காலையிலேயே போவது நல்லது. ஆனால் மறுநாளிலிருந்து ‘அ’வையே தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். ‘அ’வும் ‘இ’யும் சுழித்து எழுத வேண்டியவை, பிஞ்சு விரலுக்குக் கடினம். தவிர, உயிரெழுத்து பெரும்பாலும் சொல்லின் தொடக்கத்தில் மட்டும்தான் வரும். பன்னிரண்டையும் கற்றுக்கொண்டாலும் ‘ஈ’ போன்ற ஓரெழுத்துச் சொல் தவிர வேறு எதையும் படித்து முடிக்க முடியாது.

நாங்கள் எடுத்த வரிசை: ட, ப, ம. பெரும்பாலும் நேர்க்கோடும் மூலையும்தான், ‘ம’வில் மட்டும் ஒரு வளைவு. இந்த மூன்றையும் புள்ளியையும் வைத்தே படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொல் வந்துவிடும். அடுத்து ர, வ, ய, ல. இப்போது மரம், வரம், வடம், வயல். பிறகு க, த, ந: நகம், கடல், தடம், நரம்... என்று மகளே அர்த்தமில்லாமல் கட்ட ஆரம்பித்தாள். பத்து எழுத்தில் படிக்கத் தொடங்கிவிடலாம். என் மகள் தானாகப் படித்த முதல் சொல் ‘வயல்’. படித்துவிட்டு, “நம்ம வயலா?” என்று கேட்டாள்.

எழுதும் முறை: முதலில் முறத்தில் அரிசியைப் பரப்பி ஆள்காட்டி விரலால் பெரிதாக மூன்று தடவை. வாய் அந்த ஓசையைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்து களிமண்ணைத் திரித்துக் கயிறாக்கி எழுத்து வடிவில் வளைப்பது. ஆடியில் தண்ணீர் வந்தபின் வாய்க்கால் ஓரத்துக் களிமண் நன்றாகத் திரளும். பிள்ளையை மட்டும் தனியே அனுப்பி எடுத்துவரச் சொல்லாதீர்கள், நீரோட்டம் இருக்கும். மார்கழியில் வாசலில் கோலம் போடும்போது ஓரத்தில் ஒரு சாண் இடம் பிள்ளைக்கு ஒதுக்குங்கள். சிலேட்டு கடைசி, நோட்டு அதற்கும் பிறகு.

நாம் சிக்கிக்கொள்ளும் பொறி: “இருபது தடவை எழுது.” ஆறாவது தடவையிலேயே ‘ட’ சாய்ந்துவிடும், பிறகு எழுதுவதெல்லாம் தவறான ‘ட’வைப் பழகுவதுதான். மூன்று போதும்.

5. கொம்பும் காலும்

இனித்தான் உண்மையான சிக்கல். ‘கெ’யில் கொம்பு இடப்பக்கம் இருக்கிறது, ஓசையோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாகப் படிக்கும் பிள்ளை, “எ, க” என்று கூட்டினால் அவள்மேல் தவறில்லை.

பத்திரிகை அட்டையில் எழுத்துகளைத் தனியாகவும் கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு ஆகியவற்றைத் தனியாகவும் எழுதுங்கள். ‘க’ அட்டையை நடுவில் வைத்து, கொம்பை முன்னால் வைத்தால் ‘கெ’, இரட்டைக்கொம்பு வைத்தால் ‘கே’, ஒற்றைக்கொம்பும் காலும் வைத்தால் ‘கொ’. “மாட்டுக்கு எத்தனை கொம்பு?” என்று கேட்டுக்கொண்டே விளையாடலாம். ஒற்றைக்கொம்பு குறில், இரட்டைக்கொம்பு நெடில். துண்டு விளையாட்டை இங்கே மறுபடி எடுங்கள். ‘செடி’யில் துண்டு தொங்கும், ‘சேவல்’ என்றால் இழுபடும்.

உகர வரிசையை மொத்தமாகச் சொல்லிக்கொடுக்காதீர்கள். வடிவம் மூன்று விதமாக மாறுகிறது. கோடு கீழே இறங்குபவை: சு, பு, யு, வு. கீழே வளைந்து திரும்புபவை: கு, டு, மு, ரு, ழு, ளு. கீழே வளைந்து மேலேறி இறங்குபவை: து, நு, ணு, லு, று, னு. குடும்பத்துக்கு ஒரு வாரம் ஒதுக்கினோம். ‘கூ’ மட்டும் யாரோடும் சேராது, அதற்குத் தனியாக ஒரு நாள். ‘கௌ’வை இப்போது தொடவே வேண்டாம். அதன் வால் ‘ள’ மாதிரி இருப்பதால் பிள்ளை ‘கெள’ என்று படித்துக் குழம்பும்.

வீட்டில் பாட்டி இருந்தால் ஒரு பொறி உண்டு. மகளின் அப்பாயி, ‘லை’யை யானைத் தும்பிக்கை போட்டு எழுதிக் காட்டினார். 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முன் படித்தவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். ணை, ளை, னை, ணா, றா, னா ஆகியவையும் அப்படியே. பள்ளியில் ஆசிரியை அதைச் சிவப்பு மையால் அடித்தார். பிள்ளை அழுதாள், அப்பாயிக்கும் முகம் வாடிவிட்டது. முன்கூட்டியே, “இது அப்பாயியின் பழைய லை, இது உன் புது லை” என்று சொல்லிவைத்திருந்தால் இரண்டு பேருக்கும் மனக்கஷ்டம் இருந்திருக்காது.

6. பஸ் பலகை பாடம்

‘ங், ஞ், ண், ந், ம், ன்’ ஆறும் பிள்ளைகளைக் குழப்பும். ‘நண்டு’ என்பதை ‘நன்டு’ என்றும், ‘பந்து’ என்பதை ‘பன்து’ என்றும் எழுதுவார்கள். ஆனால் இந்த ஆறுக்கும் ஆளுக்கொரு கூட்டாளி உண்டு. ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. கூட்டாளி யார் என்று பார்த்தால் மூக்கெழுத்து எது என்பது தெரிந்துவிடும். ‘ண’வை டண்ணகரம் என்றும் ‘ந’வைத் தந்நகரம் என்றும் ‘ன’வை றன்னகரம் என்றும் அக்காலத்தில் பெயர் வைத்ததும் இதை வைத்துத்தான். கூட்டாளியின் பெயர் முன்னாலேயே நிற்கிறது, பாருங்கள்.

இதைச் சொல்லிக்கொடுக்க அட்டை எதுவும் தேவைப்படவில்லை. கும்பகோணம் பஸ் நிலையத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும். நீடாமங்கலத்தில் ‘ங்க’. தஞ்சாவூரில் ‘ஞ்ச’. திருத்துறைப்பூண்டியில் ‘ண்ட’ கூட்டாளி, ‘ண்டி’ ஆக வருகிறது. பூந்தோட்டத்தில் ‘ந்த’ கூட்டாளி, ‘ந்தோ’வாக. கும்பகோணத்திலேயே ‘ம்ப’. ‘ன்ற’வுக்கு ஊர் கிடைக்காமல் இரண்டு வாரம் தவித்தோம். மயிலாடுதுறையிலிருந்து சீர்காழிக்கு அத்தை வீட்டுக்குப் போகும் வழியில் மகளே ஜன்னலில் பார்த்துக் கத்தினாள்: திருநின்றியூர்!

கத்திய கையோடு ஒரு கேள்வியும் கேட்டாள். ‘ந’ சொல்லின் முதலிலும் ‘த’வுக்கு முன்னாலும்தானே வரும் என்று சொன்னீர்கள், இங்கே நடுவில் வருகிறதே? நல்ல கேள்வி. ‘திரு’ தனி, ‘நின்றியூர்’ தனி. இரண்டு சொல் ஒட்டியிருக்கிறது, ‘ந’ தன் சொல்லின் முதலில்தான் நிற்கிறது. பிள்ளையிடம், “இது இரண்டு பெட்டி ரயில்” என்றேன், ஒத்துக்கொண்டாள். ‘ன’, ‘ண’ இரண்டும் தமிழ்ச் சொல்லின் முதலில் வரமாட்டா என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டால் பாதித் தவறு குறையும். ‘ந’வுக்கும் ‘ன’வுக்கும் பேச்சில் வேறுபாடு அநேகமாகக் காதில் விழாது. அதைக் காதால் பிரிக்கச் சொல்லிப் பிள்ளையை வதைக்காதீர்கள், இடத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

செலவு: டீயும் ஒரு பன்னும்.

7. ல, ள, ழ: கண்ணாடியும் வெல்லமும்

இந்த மூன்றைக் காதாலும் நாக்காலும் பிரிக்க முடியும், பிரிக்கவும் வேண்டும். நாமே சரியாகச் சொல்லாவிட்டால் பிள்ளை சரியாக எழுதாது. முதலில் நீங்கள் கண்ணாடி முன் நின்று சொல்லிப்பாருங்கள்.

‘ல’வுக்கு நாக்கின் நுனி மேல்பல்லின் பின்புறத்தைத் தொடும். ‘ள’வுக்கு நுனி மடிந்து மேலண்ணத்தைத் தொடும். ‘ழ’வுக்கு நுனி மடிந்து மேலே போகும், ஆனால் எதையும் தொடாது. “தொடு, மடித்துத் தொடு, மடித்துத் தொடாதே” என்று பாட்டாகச் சொன்னோம். ‘ள’ பிடிபடாவிட்டால் மேலண்ணத்தில் ஒரு துளி வெல்லப் பாகைத் தடவி, நாக்கு நுனியால் அதைத் தொடச் சொல்லுங்கள். ‘ழ’வுக்கு, “வெல்லத்தின் கிட்டே போ, தொட்டால் தோற்றாய்” என்பது ஆட்டம். நான் இதில் அடிக்கடி தோற்றேன்.

பிறகு சொற்சோடி. கண்ணால் பார்த்த பொருளாக இருந்தால்தான் நிற்கும். ‘மழை, மலை’ என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, எங்கள் ஊரில் மழைக்குப் பஞ்சமில்லை. மலைக்கு எங்கே போவது? கண்ணுக்கெட்டிய தூரம் தட்டை. மகள் நெல் பட்டறையைக் காட்டி, “மலை” என்றாள். ஆகவே எங்கள் சோடிகளை நாங்களே எடுத்தோம். நெல்லைக் கொட்டும் களம், நெல்லை அளக்கும் கலம். வயலில் பிடுங்கும் களை, அப்பாயிக்குத் தெரிந்த கலை. சுவரில் பல்லி, தெருமுனையில் பள்ளி. மரத்தில் புளி, படத்தில் புலி. சாப்பிடும் இலை, நூலின் இழை. வீட்டுக்குப் பின்னால் கொல்லை. இதில் ஒரு விபத்தும் நடந்தது. பள்ளியில் ‘விடுமுறையில் என்ன செய்தாய்’ என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். “நானும் அப்பாவும் கொள்ளை அடித்தோம், வாழைக்காய் எடுத்தோம்” என்று வந்திருந்தது. கொல்லையில் வேலி அடித்ததைச் சொன்னாளாம்.

‘ர, ற’ வேறு விதம். பேச்சில் பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கின்றன, ஆகவே சொற்குடும்பமாகப் பிடியுங்கள். ‘ஆறு’ என்றால் எப்போதும் ‘ற’: அரசலாறு, வெண்ணாறு, வெட்டாறு, திருமலைராஜனாறு. ஒரே சொல் பிடிபட்டால் ஆற்றுப் பெயரெல்லாம் சேர்ந்து வந்துவிடும். ‘ஊர்’ என்றால் எப்போதும் ‘ர’: திருவாரூர், கீழ்வேளூர். ‘ர’ ஒருபோதும் தன்னையே இரட்டித்துக்கொள்ளாது, ‘ற’ இரட்டிக்கும். காற்று, நாற்று, வெற்றி. காதில் ‘காட்ரு’, ‘வெட்ரி’ என்று விழுவதால் அப்படியே எழுதுவார்கள். “‘ட்ர’ என்று கேட்டால் ‘ற்ற’ என்று எழுது” என்பது நாங்கள் வைத்துக்கொண்ட விதி. தமிழ்ச் சொற்களுக்குப் பொருந்தும்; டிராக்டர் பக்கம் போகாதீர்கள்.

8. வீட்டுப் பேச்சும் புத்தகப் பேச்சும்

பிள்ளை ‘வெத்தலை’, ‘நாத்து’, ‘கெணறு’, ‘எல’, ‘தொடப்பம்’ என்று எழுதினால் அவளுக்கு ஓசை நன்றாகப் பிடிபட்டுவிட்டது என்று பொருள். காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறாள். அடிக்காதீர்கள், முதலில் பாராட்டுங்கள். பிறகு, “இது வீட்டுச் சட்டை, பள்ளிக்கூடம் போகும்போது வேறு சட்டை” என்று சொல்லி வெற்றிலை, நாற்று, கிணறு, இலை, துடைப்பம் என்று காட்டுங்கள். ஒரு பக்கம் வீட்டுச் சொல், மறுபக்கம் புத்தகச் சொல் எழுதிய அட்டைகளைத் தரையில் கவிழ்த்துவைத்துச் சோடி சேர்க்கும் ஆட்டம் ஆறு வயதுக்கு மேல் நன்றாக எடுபடுகிறது.

பொறி: ‘த்த’ என்று பேச்சில் வருவதெல்லாம் ‘ற்ற’ ஆகிவிடாது. நான் அப்படிச் சொல்லிக்கொடுத்த மறுநாள் ‘வாற்று’ நீந்தியது, ‘கற்றி’யால் காய் வெட்டினோம். ‘பாத்து’ என்பது ‘பார்த்து’ ஆகும், அதுவும் தனி வழி. விதியாகச் சொல்லாமல் சொல் சொல்லாகவே பழக்குங்கள்.

வல்லினம் மிகும் இடம், மிகா இடமெல்லாம் இந்த வயதில் வேண்டவே வேண்டாம். ‘முயற்ச்சி’ என்று பெரியவர்களே ஊர் முழுக்கப் பேனர் வைத்திருக்கிறோம்.

9. சொல்லி எழுத வைப்பது, அழவைக்காமல்

மளிகைச் சீட்டு எழுதும் வேலையைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். மூன்று பொருள்தான். ‘உப்பு, பருப்பு, வெல்லம்’ என்று நிதானமாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஓசைக்கும் ஒரு புளியங்கொட்டையைப் பிள்ளை முன்னால் நகர்த்தட்டும், பிறகு கொட்டைக்கு ஓர் எழுத்து. அந்தச் சீட்டையே கடைக்குக் கொண்டுபோக வேண்டும், கடைக்காரரிடம் முன்பே சொல்லிவையுங்கள். என் மகள் ‘பருபு’ என்று எழுதிய அன்று அவர், “அந்த மாதிரிச் சரக்கு வரவில்லையே” என்று முகம் மாறாமல் சொன்னார். அதற்குப் பிறகு அவள் ‘ப்’பை விட்டதேயில்லை.

ஒரு நாளைக்கு ஒரு தவறை மட்டும் திருத்துங்கள். மற்றதை நோட்டில் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். எந்தச் சொல்லை எப்படித் தவறாக எழுதினாள் என்று அப்படியே எழுதிவையுங்கள். இரண்டு வாரம் சேர்ந்தால், பத்துத் தவறுக்கும் வேர் ஒன்றுதான் என்று தெரியும். எங்கள் நோட்டில் ஒற்று விடுவது மட்டும் எழுபது விழுக்காடு இருந்தது.

நேரம்: தினம் 15 நிமிடம், சாயங்காலம் குளித்தபின், சாப்பாட்டுக்கு முன். கொட்டாவி வந்தால் அத்தோடு நிறுத்துங்கள். கல்யாணம், காப்பு, திருவிழா என்று நான்கு நாள் விட்டுப்போனால் ஐந்தாம் நாள் ஒரு மணிநேரம் உட்காரவைத்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். எங்களுக்கு ஓசைக்கு மூன்று வாரம், முதல் பத்து எழுத்துக்கு ஐந்து வாரம், மீதி எழுத்துக்கும் குறிகளுக்கும் ஐந்து மாதம், கூட்டெழுத்துக்கும் சோடிச் சொற்களுக்கும் மூன்று மாதம் ஆயின.

10. ஆங்கிலம் பற்றிக் கொஞ்சம்

ஆங்கில வழியில் படித்தாலும் முறை இதுவேதான்: பெயருக்கு முன் ஓசை. அங்கே 26 எழுத்துக்குச் சுமார் 44 ஓசை இருப்பதால் பெயர் இன்னும் மோசமாக ஏமாற்றும். நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டியவை இரண்டு. சொல்லின் கடைசியில் ஓர் ‘உ’வைச் சேர்ப்பது: கப்பு, புக்கு, பஸ்ஸு. கடைசி ஓசையிலேயே நிறுத்திப் பழக்குங்கள். இன்னொன்று, தமிழில் இல்லாத ‘ஃப’ ஓசை. மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்து ஊதச் சொல்லுங்கள், முன்னால் காகிதத் துண்டு பிடித்தால் ஆட வேண்டும். இதைச் செய்யாததால்தான் எங்கள் வீட்டில் ‘தலைக்கு மேல் பேன் ஓடுகிறது’ என்று ஒரு வாக்கியம் நோட்டில் இருக்கிறது.

11. எப்போது உதவி கேட்பது, என்ன காகிதம் வேண்டும்

இரண்டாம் வகுப்பு முடியும்போதும் எளிய சொற்களைக் கூட்டிப் படிக்க முடியவில்லை, ஒரே சொல்லைத் தினம் வேறுவேறு விதமாக எழுதுகிறாள், படிக்கச் சொன்னாலே வயிற்றுவலி என்கிறாள் என்றால் சோம்பல் என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் கண், காது. அது சரியென்றால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இதையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஒவ்வொரு ஒன்றியத்திலும் வட்டார வள மையம் இருக்கிறது. அங்கே சிறப்பாசிரியர்கள் இருப்பார்கள். பள்ளித் தலைமையாசிரியர் வழியாகப் போனால் எளிது.

என் அண்ணன் மகனுக்காக ஒரு தடவை வெறுங்கையோடு போய்த் திரும்பி வந்திருக்கிறோம். “எப்போதிலிருந்து இப்படி?” என்ற முதல் கேள்விக்கே எங்களிடம் பதில் இல்லை. மறுபடி போனபோது கொண்டுபோனவை: பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளி மதிப்பெண் அட்டை, கண், காது பரிசோதனைச் சீட்டு, பிள்ளை தன் கையால் எழுதிய ஆறு மாத நோட்டு. அன்று அவர்கள் அதிக நேரம் புரட்டிப் பார்த்தது அந்தத் தேதி போட்ட நோட்டைத்தான். எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டை மட்டும் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிவிடுங்கள். பிள்ளைக்கு அடுத்த நாள் எழுத அதே நோட்டுதான் வேண்டும்.